நடிகர் வந்தால் கூட்டம் வரும், காசு யாரால் வருகிறது?

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கி இரண்டு மூன்று கிழமைக்குள் என் மகனின் புத்தகப் பையில் ஒரு கடிதம் வரும். புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கிற ரெறி ஃபொக்ஸ் ஓட்டம் நடக்கப்போகிறது, முடிந்தால் பிள்ளையிடம் ஒரு ரூனி கொடுத்தனுப்புங்கள் என்று. ரூனி என்றால் கனடாவின் இரண்டு டொலர் குற்றி, நடுவில் பொன்னிறம், சுற்றிவர வெள்ளி நிறம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் பிள்ளை வளர்க்கிற தமிழ் வீடுகளில் இந்தக் கடிதத்தைக் காணாதவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். அன்றைக்குக் காலையில் கோட்டுப் பை, காருக்குள் கோப்பி வைக்கிற குழி, சாமித்தட்டு என்று எல்லா இடமும் தேடி ஒரு குற்றியை எடுத்துக் கொடுத்துவிடுவோம்.

மருத்துவமனைகளுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் காசு சேர்க்கிற நடைகள், ஓட்டங்கள், சைக்கிள் சவால்கள் எல்லாம் வரிசையாக வருவதும் இந்தக் காலத்தை ஒட்டித்தான். விளம்பரங்களைப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு முகங்கள் இருக்கும். ஒன்று பிரபலத்தின் முகம், ஒரு நடிகர் அல்லது பாடகி அல்லது ஹொக்கி வீரர். மற்றது ஒரு பிள்ளையின் முகம், நோயில் இருந்து மீண்ட பிள்ளை, சிலவேளை இன்னும் மீளாத பிள்ளை, கீழே ‘இளந்தூதர்’ என்று போட்டிருக்கும். ரொறன்ரோவின் பெரிய சிறுவர் மருத்துவமனையின் அறக்கட்டளை ‘நோயாளித் தூதர்’ என்றே ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. இந்த இரண்டு முகங்களும் ஏன் தேவைப்படுகின்றன, உண்மையில் அவை என்ன வேலை செய்கின்றன, அந்தப் பிள்ளைக்கு அதனால் என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாக எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருடம் இப்படியான நடைகளில் மேசை போட்டுக் காசு வாங்கிப் பதிந்தவள் நான், ஆகவே இது எனக்குத் தூரத்து விஷயம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் நான் தொண்டு செய்த ஒரு நடைக்குச் சென்னையில் இருந்து பெயர் தெரிந்த ஒரு நடிகர் வந்திருந்தார். நல்ல மனிதர், வெயிலில் இரண்டு மணி நேரம் நின்று எல்லாரோடும் சிரித்துப் படம் எடுத்தார். வாகனத் தரிப்பிடம் நிரம்பிவிட்டது. ஆனால் படம் எடுத்தவர்களில் பாதிப்பேர்கூட எங்கள் மேசைக்கு வரவில்லை, அப்படியே காருக்குப் போய்விட்டார்கள். அன்றைக்கு எங்களிடம் அதிகம் காசு கொண்டுவந்து கட்டியவர் ஓர் அன்ரி. நீல மட்டை போட்ட பழைய கொப்பி ஒன்றை விரித்து வைத்தார், பக்கம் பக்கமாகப் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பத்து, இருபது, ஐம்பது என்று எழுதி, கட்டியவருக்குச் சரி போட்டிருந்தார். சரி போடாத ஒரு பெயரைக் காட்டி, “இவர் வெள்ளிக்கிழமை சம்பளம் வந்தாப்பிறகு தாறன் எண்டவர், அதையும் எழுதிக்கொள்ளுங்கோ பிள்ளை” என்றார். அவருடைய கணவர் கடைசி மாதங்களை அந்த மருத்துவமனையில்தான் கழித்தார். கொப்பியில் பெயர் இருந்த அவ்வளவு பேருக்கும் அது தெரியும், மரக்கறிக்கடையில் கண்டாலும் கோயிலில் கண்டாலும் அன்ரி கொப்பியை எடுத்துவிடுவார் என்பதும் தெரியும்.

நடிகர் வந்தது வீண் என்று நான் சொல்லவரவில்லை. அவர் வராவிட்டால் உள்ளூர் வானொலியில் எங்களுக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைத்திருக்காது, புதிதாக ஒருவரும் அந்த நடையைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். ஆனால் மூன்று வேலைகளை நாம் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். பிரபலம் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்க வைக்கிறார். அந்தப் பிள்ளை, எதற்காகக் கொடுக்கவேண்டும் என்பதைக் காட்டுகிறது. காசைக் கையில் இருந்து எடுக்க வைப்பவர் வேறொருவர், நமக்கு நேரே தெரிந்த, இல்லை என்று சொன்னால் நாளைக்கு முகத்தில் முழிக்கவேண்டிய ஓர் ஆள்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க ரெறி ஃபொக்ஸின் ஓட்டத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. கதை கனடாவில் எல்லாருக்கும் தெரியும், தமிழில் வாசிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவின் போர்ட் கொக்கிட்லத்தில் வளர்ந்த பையன். 1977-இல், 18 வயதில், எலும்புப் புற்றுநோய் வந்து வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். சிகிச்சை நடந்த மாதங்களில் தன்னைச் சுற்றி இருந்த நோயாளிகளின் முகங்கள்தான் அவரை விடவில்லை. பிழைக்கிற வாய்ப்பு நூற்றுக்கு ஐம்பது என்று அவருக்குச் சொன்னார்கள், இரண்டு வருடத்துக்கு முன் வந்திருந்தால் பதினைந்துதான் என்றும் சொன்னார்கள். அந்த இடைவெளி ஆராய்ச்சியால் வந்தது, ஆராய்ச்சிக்குக் காசு வேண்டும். அவ்வளவுதான் அவருடைய கணக்கு.

1980 ஏப்ரல் 12-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ற் ஜோன்ஸில் செயற்கைக் காலை அத்திலாந்திக் கடலில் நனைத்துவிட்டு, கனடாவைக் குறுக்கே கடந்துவிடுவது என்று ஓடத் தொடங்கினார். நாளொன்றுக்கு ஒரு மரதன், சுமார் 42 கிலோமீற்றர். அந்தக் காலத்துச் செயற்கைக் கால் ஓடுவதற்காகச் செய்தது இல்லை, அது முன்னால் வந்து சேர நேரம் எடுக்கும், அதற்குள் நல்ல காலால் இரண்டு தரம் துள்ளவேண்டும். பழைய படங்களில் அந்தத் துள்ளலைப் பார்த்தால் நமக்கே முழங்கால் நோகும்.

ஆரம்பத்தில் அவரைப் பெரிதாக ஒருவரும் கவனிக்கவில்லை. அப்போதுதான் போர்ட் ஒ பாஸ்க் என்ற சிறிய ஊர் வருகிறது. ஏறக்குறைய 10,000 பேர் இருந்த அந்த ஊர் 10,000 டொலர் சேர்த்துக் கொடுத்தது. ஆளுக்கு ஒரு டொலர்! அதன் பிறகுதான் கனடியர் ஒவ்வொருவரிடமும் ஒரு டொலர் என்ற இலக்கு அவருக்குப் பிறந்தது. அதற்குப் பின்னால் ஒரு பிரபலமும் இல்லை, ஒருவரை ஒருவர் தெரிந்த ஒரு மீன்பிடித் துறைமுக ஊர்தான் அந்த எண்ணத்தைக் கொடுத்தது. அடுத்து கியூபெக்கைக் கடந்தபோது கிடைத்த ஆதரவு மிகக் குறைவு, அது அவரை நன்றாகவே நோகடித்தது. ஒன்ராறியோவுக்குள் வந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது, பிரபலங்களின் வேலை தொடங்குவதும் அங்கேதான். ஒட்டாவாவில் அன்றைய பிரதமர் பியர் ட்ரூடோவைச் சந்தித்தார். ஜூலை 11-ஆம் தேதி ரொறன்ரோ நகர மண்டபச் சதுக்கத்தில் 10,000 பேர் கூடினார்கள், மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணியின் நட்சத்திர வீரர் டறில் சிற்லர் தன்னுடைய ஓல்-ஸ்ரார் ஆட்டச் சட்டையையே அவருக்குக் கொடுத்தார். அன்று ஒரே நாளில் சுமார் 100,000 டொலர் சேர்ந்ததாகப் புற்றுநோய்ச் சங்கம் மதிப்பிட்டது. ஹொக்கியில் பெரும் பெயர் எடுத்த பொபி ஓர் என்பவர் 25,000 டொலர் காசோலையை நேரே வந்து கொடுத்தார்.

அதே ஜூலை 11 மாலையில் அவர் ஸ்காபரோ சிவிக் சென்ரருக்கும் வந்தார். இன்றைக்கு நம் ஆட்கள் நிறையப்பேருக்குப் பழக்கமான கட்டடம்தான் அது. 1980-இல் ஸ்காபரோவில் தமிழர் மிகக் கொஞ்சப் பேர், 1983-க்குப் பிறகுதான் நாங்கள் பெருகி வந்தோம். அந்த மாலையில் அவர் பேசியபோது சொன்னதன் சாரம், நான் முடிக்காவிட்டாலும் மற்றவர்கள் தொடரவேண்டும், நான் இல்லாமலும் இது நடக்கவேண்டும் என்பது. 21 வயதுப் பையன், முகம் வெயிலில் கருகி, இன்னும் பாதித் தூரம்கூடப் போகாத நேரத்தில் சொன்ன வார்த்தை. தூதர்களைத் தேடுகிற எந்த அமைப்புக்கும் நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான்.

பிள்ளைத் தூதரும் அந்த ஓட்டத்தில் உண்டு, யாரும் அப்படிப் பெயர் வைக்காமலே. சுப்பீரியர் ஏரிக்கரைப் பக்கம் போனபோது பத்து வயதுப் பையன் ஒருவன், அதே மாதிரிப் புற்றுநோயால் கால் இழந்தவன், சைக்கிளில் அவருக்குப் பின்னால் வந்தான். இருவரும் சேர்ந்து நீந்தினார்கள். தன் ஓட்டத்திலேயே தனக்கு மிகப் பெரிய ஊக்கம் தந்த நாள் அதுதான் என்று ஃபொக்ஸ் சொல்லியிருக்கிறார். இங்கே கவனியுங்கள், அந்தப் பையனை யாரும் மேடையில் ஏற்றிக் காசு கேட்கவில்லை. ஓடுபவருக்கே அவன் தேவைப்பட்டான்.

செப்டெம்பர் 1-ஆம் தேதி, 143 நாளும் 5,373 கிலோமீற்றரும் முடிந்த நிலையில், தண்டர் பேக்கு வெளியே அவர் நிறுத்தவேண்டி வந்தது. நோய் நுரையீரலுக்குப் போய்விட்டது. அதுவரை சேர்ந்தது 1.7 மில்லியன் டொலர். ஒரு கிழமைக்குள் சிரிவி தொலைக்காட்சி பிரபலங்களை வைத்து நேரலை நிகழ்ச்சி ஒன்று நடத்தியது, சில மணி நேரத்தில் 10.5 மில்லியன் சேர்ந்தது. அதில் இரண்டு மாகாண அரசுகள் கொடுத்த ஆளுக்கொரு மில்லியனும் அடக்கம்.

அப்படியானால் பிரபலங்கள்தானே காசைக் கொண்டுவந்தார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, நானும் யோசித்திருக்கிறேன். ஆனால் அதற்கு முந்தின கிழமை முழு நாடும் அந்தப் பையன் அம்புலன்ஸ் படுக்கையில் கிடந்தபடி, முடிந்தால் திரும்பி வந்து முடிப்பேன் என்று அழுதுகொண்டே சொன்னதைப் பார்த்திருந்தது. கொடுக்கவேண்டும் என்ற எண்ணம் ஏற்கெனவே நெஞ்சு முட்ட இருந்தது, எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்பதுதான் தெரியாமல் இருந்தது. பாடகர்களும் நடிகர்களும் அந்த வழியைத் திறந்துவிட்டார்கள். அதே பாடகர்கள் ஏப்ரலில் பாடியிருந்தால் அந்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கு வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். 1981 பெப்ரவரியில் மொத்தம் 24.17 மில்லியனைத் தொட்டது, கனடாவின் அன்றைய சனத்தொகை கிட்டத்தட்ட அதேயளவு. ஆளுக்கு ஒரு டொலர் நிறைவேறியது. அந்த ஜூன் 28-ஆம் தேதி, 23 வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், அவர் இறந்தார்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னும் முக்கியம். ஃபோர் சீசன்ஸ் ஹொட்டேல்களை உருவாக்கிய இசடோர் ஷார்ப், தானும் ஒரு மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், ஒவ்வொரு ஆண்டும் ஃபொக்ஸின் பெயரில் ஓட்டம் நடத்துவோம் என்று அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதினார். ஃபொக்ஸ் சம்மதித்தார், ஆனால் போட்டியாக இருக்கக்கூடாது, வென்றவர் தோற்றவர் இருக்கக்கூடாது, ஓடலாம், நடக்கலாம், சைக்கிளிலும் வரலாம். ஓடிய காலத்திலும் எந்தப் பொருளுக்கும் விளம்பர முகமாக இருக்க அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நுழைவுக் கட்டணம் இல்லை, இவ்வளவு சேர்த்தால்தான் வரலாம் என்ற எல்லையும் இல்லை. 1981 செப்டெம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் 300,000 பேர், 3.5 மில்லியன் டொலர். பிறகு பல நாடுகளுக்குப் பரவியது, சென்னையில் ஐஐடி வளாகத்தில்கூட நடந்திருக்கிறது. இன்றுவரை அவர் பெயரில் சேர்ந்தது 900 மில்லியனுக்கு மேல். அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் யார் பாடினார்கள் என்று என் மகனின் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியாது, ரூனி கொண்டுபோகவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

இப்போது 2014-க்கு வருவோம், ‘ஐஸ் வாளிச் சவால்’ என்று எல்லாரும் தலையில் ஐஸ் தண்ணீர் கவிழ்த்த கோடைகாலம். உடலின் தசைகளை ஒவ்வொன்றாகச் செயலிழக்க வைக்கிற ஏஎல்எஸ் நோய்க்காக நடந்தது என்பது பலருக்கு அந்த நேரத்திலேயே மறந்துபோனது. பில் கேட்ஸ் ஊற்றினார், ஜோர்ஜ் புஷ் ஊற்றினார், ஆகவே உலகம் ஊற்றியது என்றுதான் நினைவு. உண்மையில் அதைத் தூக்கிவிட்டவர்கள் அந்த நோயோடு வாழ்ந்த இளைஞர்கள், பொஸ்ரன் பக்கத்துப் பீற் ஃபிறேற்ஸ், நியூயோர்க் பக்கத்துப் பற் குவின், அவர்களுடைய நண்பர் கூட்டங்கள். அந்தச் சவாலின் விசை எங்கே இருந்தது தெரியுமா? வாளியிலும் இல்லை, கேட்ஸிடமும் இல்லை. ஊற்றுபவர் மூன்று பேரைப் பெயர் சொல்லி அழைக்கவேண்டும், அவர்களுக்கு 24 மணி நேரம். நண்பர்கள் எல்லாரும் பார்க்க உங்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள். அன்ரியின் நீலக் கொப்பியும் அதே வேலையைத்தான் செய்தது, கொஞ்சம் மெதுவாக. அமெரிக்காவின் ஏஎல்எஸ் சங்கத்துக்கு மட்டும் 115 மில்லியன் டொலர் சேர்ந்தது, அதில் ஒரு பகுதியால் நடந்த ஆராய்ச்சி 2016-இல் அந்நோயோடு தொடர்புள்ள நெக்1 என்ற மரபணுவை அடையாளம் காண உதவியது. அடுத்த கோடையில் மறுபடி முயன்றபோது முந்தின ஆண்டின் நிழல்கூட வரவில்லை. பிரபலங்கள் அங்கேயேதான் இருந்தார்கள், ஆனால் பெயர் சொல்லி அழைக்க ஆள் மிஞ்சவில்லை. ஃபிறேற்ஸ் 2019-இலும் குவின் 2020-இலும் இறந்துவிட்டார்கள்.

ஆய்வுகளும் கிட்டத்தட்ட இதையே சொல்கின்றன. பிரித்தானியாவில் டன் புறொக்கிங்ரன் என்ற ஆய்வாளரும் கூட்டாளியும் மக்களிடம் ஏழு பெரிய அறக்கட்டளைகளின் பெயரைச் சொல்லி, இவற்றோடு சேர்ந்த பிரபலம் யாராவது தெரியுமா என்று கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஒருவரைக்கூடச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு செலவழித்துப் படம் எடுத்தும்! பிள்ளை முகத்தின் சக்தி வேறு. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கையில் 5 டொலர் கொடுத்துவிட்டு, மாலி நாட்டின் ரொக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியின் கதையைச் சிலருக்கும், ஆபிரிக்கப் பஞ்சத்தின் புள்ளிவிவரத்தை வேறு சிலருக்கும் காட்டினார்கள். சிறுமியைப் பார்த்தவர்கள் சராசரி 2.38 டொலர் கொடுத்தார்கள், எண்களைப் பார்த்தவர்கள் 1.14 மட்டும். இரண்டையும் சேர்த்துக் காட்டினால் 1.43-க்கு இறங்கிவிட்டது. சிறுமியின் பக்கத்தில் எண்ணை வைத்ததுமே மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது.

அறக்கட்டளைகள் பிள்ளைகளைத் தேடுவதற்குக் காரணம் இதுதான், நான் பயப்படுவதற்குக் காரணமும் இதுதான். ஒரு பிள்ளையின் முகம் இரண்டு மடங்கு காசு கொண்டுவரும் என்று தெரிந்த பிறகு, அந்தப் பிள்ளையை எவ்வளவு தூரம் பயன்படுத்தலாம் என்பதற்கு யாராவது எல்லை போடவேண்டும். ஒருமுறை நான் இருந்த ஒரு நிகழ்வில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல சட்டை, தலையில் முடி அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் நல்ல எண்ணத்தோடுதான் ஒலிவாங்கியை நீட்டி, “ஊசி போடேக்க நொந்ததா அம்மா?” என்று கேட்டார். பிள்ளை பதில் சொல்லவில்லை, கூட்டத்துக்குள் தாயைத் தேடியது. மண்டபம் அமைதியாகிவிட்டது, அந்த இரவு காசும் நன்றாகச் சேர்ந்தது, எனக்கு அன்றைக்கு நித்திரை வரவில்லை.

ஏழு வயதில் தாய் தகப்பன் கொடுக்கிற சம்மதம் பதினேழு வயதிலும் அந்தப் பிள்ளையின் சம்மதம் ஆகுமா? படம் இணையத்தில் கிடக்கும், வேலைக்கு விண்ணப்பிக்கிற காலத்திலும் கிடக்கும். ஒவ்வொரு ஆண்டும் பிள்ளையிடமே திரும்பக் கேட்கவேண்டும், வேண்டாம் என்றால் படத்தை எடுத்துவிடவேண்டும், மேடையில் நோயைப் பற்றிக் கேட்காமல் இப்போது என்ன விளையாடுகிறாய் என்று கேட்கலாம். இது ஒன்றும் பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. ஃபொக்ஸின் பின்னால் சைக்கிளில் வந்த அந்தப் பத்து வயதுப் பையனின் பெயர் கனடாவில் புத்தகங்களிலேயே இருக்கிறது, ஆனாலும் இதையெல்லாம் எழுதிவிட்டு அதை இங்கே போட எனக்கு மனம் வரவில்லை.

பெரியவர்கள் தூதரானாலும் சிக்கல் வராமல் இல்லை. 2020 ஏப்ரலில் கப்டன் ரொம் மூர் என்ற பழைய இராணுவ வீரர், 100 வயது ஆவதற்குள் தன் வீட்டு முற்றத்தை 100 தரம் சுற்றி நடந்து 1,000 பவுண் சேர்க்கப் புறப்பட்டார். சேர்ந்தது 32 மில்லியனுக்கு மேல், வரிச்சலுகையும் சேர்த்துக் கிட்டத்தட்ட 39 மில்லியன். அந்தக் காசு முழுவதும் பிரித்தானியச் சுகாதார சேவையின் அறக்கட்டளைகளுக்கே போனது, அதில் ஒரு குறையும் இல்லை. பிறகு அவர் பெயரில் குடும்பத்தார் தொடங்கிய தனி அறக்கட்டளையில்தான் பிரச்சினை வந்தது. புத்தக ஒப்பந்தப் பணம் குடும்பத்தின் நிறுவனத்துக்குப் போனதைப் பற்றி அந்நாட்டு அறக்கட்டளை ஆணையம் விசாரித்து, 2024 நவம்பரில் மகளும் மருமகனும் தொடர்ச்சியாக முறைகேடாக நடந்ததாக அறிக்கை வெளியிட்டது. கிழவர் 2021-இலேயே இறந்துவிட்டார், பாவம். ஃபொக்ஸ் விளம்பரப் பணம் வேண்டாம் என்று ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார் என்பது இதைப் படித்தபோதுதான் எனக்குச் சரியாக விளங்கியது. தூதரிடம் நாம் நம்பிக் கொடுப்பது காசை மட்டும் இல்லை.

பிரபலத்தை அனுப்பிப் படம் எடுக்கிற பழைய வழக்கத்திலும் மாற்றம் வந்திருக்கிறது. லண்டனின் கொமிக் ரிலீஃப் என்ற அறக்கட்டளை பல ஆண்டுகளாகப் பிரபலங்களை ஆபிரிக்காவுக்கு அனுப்பி, பிள்ளைகளைத் தூக்கி வைத்திருக்கப் படம் பிடித்துக் காசு கேட்டது. 2019-இல் நாடாளுமன்ற உறுப்பினர் டேவிட் லமி அதைக் கடுமையாக எதிர்த்தார், 2020-இல் இனி அப்படி அனுப்பமாட்டோம் என்று அந்த அமைப்பே அறிவித்தது. அந்தந்த நாட்டுப் படக்கலைஞர்களே தங்கள் ஊர்க் கதையைச் சொல்லட்டும் என்று மாறினார்கள். நல்ல முடிவு என்றுதான் நினைக்கிறேன். அகதி முகாம்களில் வெளிநாட்டுக் கமராவுக்கு முன்னால் நின்ற அனுபவம் நம் ஆட்களில் எத்தனையோ பேருக்கு உண்டு, அந்தப் படம் எங்கே போனது என்று அவர்களுக்கு இன்றுவரை தெரியாது.

ஆகவே நீங்கள் ஒரு நடையோ ஓட்டமோ ஒழுங்கு செய்கிறீர்கள் என்றால், நடிகரைக் கூப்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய விமானச் சீட்டைப் பற்றிப் பேசுகிற கூட்டத்திலேயே, கொப்பி கொண்டுபோகப்போகிற இருபது பேர் யார் என்பதையும் பேசி முடியுங்கள். அவர் வருகிற நேரத்தில் படமெடுக்கிற இடத்துக்கும் காசு கட்டுகிற மேசைக்கும் நடுவே தூரம் இருக்கக்கூடாது. நாங்கள் அந்த வருடம் மேசையைக் கொண்டுபோய் மரத்தடியில் போட்டுவிட்டோம், நிழல் என்று.

கடந்த செப்டெம்பரில் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓட்டத்துக்கு முதல் நாள் ஒரு ஒட்டுத்தாள் கொடுத்துவிட்டார்கள். நான் இன்னாருக்காக ஓடுகிறேன் என்று எழுதி, இன்னார் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தது. வகுப்பில் பல பிள்ளைகள் ரெறி என்று எழுதினார்களாம். இவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மம்மா என்பதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று கேட்டான், எத்தனை எம் வரும் என்று. அம்மா போய் அப்போது ஏழு மாதம். தமிழிலேயே எழுது, கேட்டால் ரீச்சருக்கு நீ விளக்கிச் சொல் என்றேன். சாப்பாட்டு மேசையில் குனிந்திருந்து எழுதினான், ஒரு ‘ம்’ விட்டுப்போயிருந்தது. திருத்தச் சொல்லவில்லை. அடுத்த நாள் அதைச் சட்டையில் ஒட்டிக்கொண்டு, ரூனியைக் கையில் பொத்திக்கொண்டு பஸ்சில் ஏறினான்.